சிகாகோ பல்கலைக்கழகக் கால்பந்து அணியும் ஸ்டாக் மைதானமும்

சிகாகோ பல்கலைக்கழகக் கால்பந்து அணி, அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1892 முதல் 1939 வரை 48 பருவங்கள் ஆடிய கல்லூரி அணி. அரக்குச் சிவப்புச் சீருடையால் அதற்கு 'மரூன்ஸ்' என்று பெயர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதன்மையான கூட்டமைப்புகளுள் ஒன்றான 'பிக் டென்' உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் சிகாகோவும் ஒன்று. அந்தக் கூட்டமைப்பின் பட்டத்தை ஏழு முறை வென்ற இந்த அணியில் ஆடியவர்தான், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் பெற்றவர். இத்தனை புகழுடைய அணியை 1939 டிசம்பரில் பல்கலைக்கழகமே கலைத்தது. வழக்கு, தடை, திவால் என எந்த நெருக்கடியும் இல்லை. படிப்புக்கும் இந்த வகைப் பந்தாட்டத்துக்கும் ஒத்துவராது என்பது மட்டுமே சொல்லப்பட்ட காரணம்.

அணியின் சொந்த மைதானம் ஸ்டாக் மைதானம். ஆட்டம் நின்று மூன்றாண்டு கழித்து, 1942 டிசம்பர் 2 அன்று, அதன் மேற்கு மாடத்துக்கு அடியில் இருந்த ஒரு ஸ்குவாஷ் கூடத்தில் மனிதர் கட்டிய முதல் அணு உலை இயங்கியது. இன்று மைதானம் இல்லை. அந்த இடத்தில் நூலகம் நிற்கிறது.

ஆட்டம்

அமெரிக்காவில் கால்பந்து என்று சொல்லப்படும் இந்த ஆட்டத்தில் காலுக்கு உள்ள வேலையைவிடக் கைக்கு உள்ள வேலை அதிகம். இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் 'டச் டவுன்'. எதிரணி ஆளைத் தூக்கிச் சாய்த்து நிறுத்துவது விதிக்கு உட்பட்டது. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிவிட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. அதற்கு 'சேஃப்டி' என்று பெயர். தொடக்கத்தில் பந்தை முன்னோக்கி வீச அனுமதி இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கோத்துக்கொண்டு கூட்டமாக மோதுவதே உத்தியாக இருந்ததால் கை கால் முறிவது சாதாரணம், உயிர் போவதும் உண்டு.

தோற்றம்

எண்ணெய் வணிகர் ஜான் ராக்ஃபெல்லரின் நன்கொடையில் 1890இல் நிறுவப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகம் 1892 அக்டோபர் 1 அன்று வகுப்புகளைத் தொடங்கியது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், எபிரேய மொழி அறிஞர். நூற்றாண்டுப் பழமை கொண்ட கிழக்குக் கடற்கரைக் கல்லூரிகளுக்கு நடுவே புதிய நிறுவனம் ஒன்று பேர் எடுக்க வேண்டுமானால் பேராசிரியர்கள் மட்டும் போதாது, பந்தாட்ட அணியும் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். நாடெங்கும் போய் மற்றக் கல்லூரிகளைத் தோற்கடித்து வரும் அணியைத் தயார் செய்யும்படி தாம் தேர்ந்த பயிற்சியாளருக்கு அவர் எழுதினார்.

அந்தப் பயிற்சியாளர் ஏமஸ் அலான்சோ ஸ்டாக் (1862–1965). யேல் பல்கலைக்கழகத்தில் ஹார்ப்பரிடம் விவிலியம் படித்தவர். 1889இல் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இடம்பெற்றவர். போதகராகும் எண்ணத்தைக் கைவிட்டு உடற்பயிற்சி ஆசிரியரானவர். ஹார்ப்பர் அவரை 2,500 டாலர் ஆண்டுச் சம்பளத்தில் இணைப்பேராசிரியராகவும் உடற்பயிற்சித் துறைத் தலைவராகவும் நியமித்தார். மற்ற இடங்களில் பயிற்சியாளர் என்றால் பருவத்துக்கு மட்டும் வந்துபோகும் கூலி ஆள். சிகாகோவில் அவர் பணிப் பாதுகாப்புள்ள ஆசிரியர், துறைத் தலைவர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிற்சியாளருக்குப் பின்னாளில் கிடைத்த செல்வாக்கு இந்த நியமனத்தில்தான் தொடங்குகிறது.

வகுப்புகள் தொடங்கிய ஒரே வாரத்தில் முதல் ஆட்டம் நடந்தது. எதிரணி உள்ளூர் ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளி. ஆள் பற்றாக்குறையால் அந்தப் பருவத்தில் ஸ்டாக்கே களத்தில் இறங்கி ஆடினார். இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 1894 கிறிஸ்துமஸ் அன்று சிகாகோ அணி சான் பிரான்சிஸ்கோ சென்று ஸ்டான்ஃபர்ட் அணியை 24–4 என்று வென்றது. எதிரணிக்குப் பயிற்சி கொடுத்தவர் வால்ட்டர் கேம்ப். யேலில் ஸ்டாக் ஆடிய காலத்தில் அங்கே ஆட்டத்தை வழிநடத்தியவர். கல்லூரி அணி ஒன்று ரயிலில் நாட்டின் மறுகரை வரை போய் ஆடுவது அதற்கு முன் கேள்விப்படாத செய்தி.

1895 ஜனவரியில் பர்டியூ பல்கலைக்கழகத் தலைவரின் அழைப்பில் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் கூடினார்கள். மறு ஆண்டு மேற்குக் கூட்டமைப்பு உருவானது. சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மின்னசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்சின் ஆகிய ஏழும் நிறுவன உறுப்பினர்கள். பின்னர் உறுப்பினர் எண்ணிக்கை பத்தானதும் 'பிக் டென்' என்ற பெயர் நிலைத்தது.

மைதானம்

முதலில் அணி ஆடியது அருகில் இருந்த வாஷிங்டன் பூங்காவில். 57ஆம் தெருவுக்கு வடக்கே, எல்லிஸ் அவென்யூவை ஒட்டிய நிலத்தைச் சிகாகோவின் பெரும் கடை முதலாளி மார்ஷல் ஃபீல்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஸ்டாக்கும் மாணவர்களும் சேர்ந்து வேலி அடித்தார்கள். 1893 முதல் அங்கே ஆட்டம் நடந்தது. கொடையாளரின் பெயரால் அது மார்ஷல் ஃபீல்டு மைதானம் எனப்பட்டது.

மர மாடங்களைப் பிரித்துவிட்டு 1913இல் மேற்குப் பக்கம் கான்கிரீட் மாடம் எழுப்பினார்கள். பல்கலைக்கழகக் கட்டடங்களின் கோதிக் பாணிக்கு இசைவாக, எல்லிஸ் அவென்யூவைப் பார்த்த அதன் சுவர் கோட்டைக் கொத்தளம்போல் கட்டப்பட்டது. மாடத்தின் படிகளுக்கு அடியில் உடைமாற்றும் அறைகளும் பந்தடிக் கூடங்களும் அமைந்தன. மைதானத்துக்கு ஸ்டாக்கின் பெயர் சூட்டப்பட்டதும் இதே காலத்தில்தான். பணியில் இருக்கும் ஒருவரின் பெயரையே மைதானத்துக்கு வைத்தது அவருக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது. 1920களில் மாடங்களை விரித்ததும் 50,000 பேருக்கு மேல் உட்காரும் அளவுக்கு மைதானம் வளர்ந்தது.

பந்தாட்டம் மட்டுமல்ல, தடகளமும் இங்கே நடந்தது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான முதல் தேசியத் தடகளப் போட்டி 1921இல் நடந்தது ஸ்டாக் மைதானத்தில்தான். 1933இல் தேசியப் பள்ளிகள் போட்டியில் கிளீவ்லாந்திலிருந்து வந்த ஒரு பள்ளி மாணவர் 100 கெஜத்தை 9.4 விநாடியில் ஓடி உலகச் சாதனையைச் சமன் செய்தார். மூன்றாண்டு கழித்து பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ்தான் அவர்.

1905: இரண்டே புள்ளி

அணியின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் ஆட்டம் 1905 நவம்பர் 30, நன்றி நவிலும் நாளன்று நடந்தது. எதிரணி மிச்சிகன். ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியில் 1901 முதல் 56 ஆட்டங்களில் அது தோற்றதே இல்லை. அந்தப் பருவத்தில் அதுவரை 495 புள்ளிகள் எடுத்திருந்தது, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. சுமார் 27,000 பேர் கூடிய மைதானத்தில் இரு தரப்பும் முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டத்தின் பிற்பாதியில் சிகாகோவின் வால்ட்டர் எக்கர்சால் பந்தை உயர உதைத்து மிச்சிகன் எல்லைக்கோட்டருகே விழச்செய்தார். அதைப் பிடித்த மிச்சிகன் ஆட்டக்காரர் வெளியே ஓட முயன்றார். சிகாகோக்காரர்கள் அவரை எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளிச் சாய்த்தார்கள். சேஃப்டி. ஆட்டம் 2–0 என்று முடிந்தது. அந்த ஆண்டின் தேசிய வெற்றியாளராகச் சிகாகோவைப் பிற்கால வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

அதே ஆண்டில் எதிர்ப்பும் கிளம்பியது. நாடெங்கும் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தவர்கள் 18 பேருக்குக் குறையவில்லை. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளை அழைத்துப் பேசினார். கோலியர்ஸ் இதழ் மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் வெற்றியை எப்படிக் காசுக்கு வாங்குகின்றன என்று தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. சிகாகோவும் அதில் தப்பவில்லை. எக்கர்சாலின் படிப்பைப் பற்றியும் கேள்வி எழுந்தது. அவர் பட்டம் பெறாமலே வெளியேறி, பின்னாளில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் விளையாட்டு எழுத்தாளரானார்.

1906 ஜனவரியில் ஹார்ப்பர் இறந்தார். அதே மாதத்தில் கூட்டமைப்பின் பேராசிரியர்கள் கூடிப் பருவத்துக்கு ஐந்தே ஆட்டங்கள், ஒருவர் மூன்றாண்டுகளுக்கு மேல் ஆடக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். இதை ஏற்காமல் மிச்சிகன் கூட்டமைப்பை விட்டு விலகிப் பத்தாண்டு கழித்தே திரும்பியது. அந்த ஆண்டில் வந்த விதிமாற்றங்களில் முக்கியமானது, பந்தை முன்னோக்கி வீசும் அனுமதி. கூட்ட மோதல் குறைந்து வேகமும் சூழ்ச்சியும் கூடிய புதிய ஆட்டம் ஸ்டாக்குக்குக் கைவந்தது.

உச்சம்

1899, 1905, 1907, 1908, 1913, 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் கூட்டமைப்புப் பட்டம் சிகாகோவுக்கு. ஸ்டாக் களத்தில் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் புதுமைகளின் பட்டியல் நீளமானது: பிடித்துச் சாய்க்கப் பழகும் பொம்மை, சட்டையில் எண், பந்து நகருமுன் பக்கவாட்டில் ஓடும் ஆள், திசை திருப்பி ஓடும் உத்தி. இவற்றில் சில வேறு பயிற்சியாளர்களுக்கும் உரிமை உடையவை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் பயிற்சியாளர்களாகி நாடெங்கும் பரவியதால் ஆட்டத்தின் இலக்கணத்தில் அவர் கை பதிந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கெட்ட வார்த்தை பேசாதவர், மது தொடாதவர். கோபத்தின் உச்சத்தில் ஆட்டக்காரரைக் 'கழுதை' என்பார். அதற்கு மேல் போனதில்லை.

1922 அக்டோபர் 28 அன்று பிரின்ஸ்டன் அணி கிழக்கிலிருந்து வந்து ஸ்டாக் மைதானத்தில் ஆடியது. ஆட்டத்தின் விவரணை தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்குக்குப் போய் அங்கிருந்து வானொலியில் ஒலிபரப்பானது. ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் சிகாகோ கையில் இருந்த வெற்றி நழுவி பிரின்ஸ்டன் 21–18 என்று வென்றது. 1924இல் இல்லினாயின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் ரெட் கிரேஞ்சை எதிர்கொண்டு 21–21 என்று சமன் செய்தது மைதானத்தின் கடைசிப் பெரிய ஆட்டம். அந்த ஆண்டின் பட்டமே சிகாகோவின் கடைசிப் பட்டம்.

மைதானத்துக்குத் தெற்கே இருக்கும் அகன்ற புல்வெளிச் சாலை மிட்வே பிளைசன்ஸ். 1893 உலகக் கண்காட்சியில் முதல் ராட்டினச் சக்கரம் சுழன்ற இடம். அதை வைத்து மரூன்ஸ் அணியை 'மிட்வேயின் அரக்கர்கள்' என்று அழைத்தார்கள். அணி மறைந்தபின் அந்தப் பட்டப்பெயரைச் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணி எடுத்துக்கொண்டது. இன்று அந்தப் பெயரைக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வருவதில்லை.

சரிவு

வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கூட்டமைப்பின் மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கில் இளங்கலை மாணவர்களைக் கொண்ட அரசுப் பல்கலைக்கழகங்கள். சிகாகோவோ ஆய்வுக்கும் மேற்படிப்புக்கும் பேர்போனது. இளங்கலை மாணவர் எண்ணிக்கை குறைவு. ஆட்டக்காரர்கள் எளிதாகப் பட்டம் பெறும் உடற்பயிற்சிப் பாடம் அங்கே இல்லை. 1931இல் வந்த புதிய பாடத்திட்டம் வகுப்பு வருகையைக் கட்டாயமாக்கவில்லை. பதிலாக எல்லாவற்றையும் கடுமையான பொதுத் தேர்வில் போய் நிறுத்தியது. மாலை முழுதும் பயிற்சியில் கழித்தவருக்கு அந்தத் தேர்வு பெரும் சுமை.

நகரத்திலும் போட்டி பெருகியது. 1921இல் பேர்ஸ் அணி சிகாகோவுக்கு வந்தது. இல்லினாயும் நார்த்வெஸ்டர்னும் புது மைதானங்கள் கட்டின. நோட்டர் டேம் அணிக்குச் சிகாகோவின் கத்தோலிக்கக் குடும்பங்களிடையே பெரும் ஆதரவு திரண்டது. நகரின் திறமையான பள்ளி மாணவர்களை வெளியூர்ப் பயிற்சியாளர்கள் அள்ளிப் போனார்கள். 50,000 பேருக்கான மாடம் பாதிகூட நிரம்பாத நாள்கள் வந்தன.

1932இல் ஸ்டாக்குக்கு 70 வயது. எல்லாப் பேராசிரியர்களுக்கும் உள்ள ஓய்வு விதி அவருக்கும் பொருந்தும் என்று நிர்வாகம் சொன்னது. 41 ஆண்டுப் பணிக்குப்பின் அவர் வீட்டில் உட்காரவில்லை. கலிஃபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குப் போனார். 1938இல் அந்த அணியைத் தம் பெயர் தாங்கிய மைதானத்துக்கே அழைத்து வந்து சிகாகோவை 32–0 என்று தோற்கடித்தார். 102 வயது வரை வாழ்ந்தார்.

அடுத்துவந்த பயிற்சியாளர் கிளார்க் ஷானசிக்கு ஒரே ஒரு பெரிய ஆட்டக்காரர் கிடைத்தார்: அயோவா மாநிலத்து ஜே பெர்வாங்கர். ஓடுவது, வீசுவது, உதைப்பது, தடுப்பது என எல்லாவற்றையும் ஒருவரே செய்தார். 1934இல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவரைப் பிடித்துச் சாய்க்கப்போன ஒருவருக்கு இடக்கண்ணுக்குக் கீழே வெட்டுக்காயம். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெரால்டு ஃபோர்டுதான் அவர். தழும்பு கடைசிவரை இருந்தது. 1935இல் நியூயார்க்கின் டவுன்டவுன் தடகளக் கழகம் புதிதாக ஏற்படுத்திய விருது பெர்வாங்கருக்குக் கிடைத்தது. அதற்குத்தான் மறு ஆண்டு ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் வந்தது. 1936இல் தொழில்முறை லீக் முதன்முதலாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தபோது முதல் பெயரும் அவருடையதே. கேட்ட சம்பளம் கிடைக்காததால் அவர் ஒரு நாள்கூடத் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லை. வேலைக்குப் போய்ப் பின்னர் சொந்தத் தொழில் தொடங்கினார். கோப்பை பல காலம் அவருடைய அத்தை வீட்டில் கதவுக்கு முட்டாகக் கிடந்தது.

ஹட்சின்ஸும் கலைப்பும்

1929இல் 30 வயதில் பல்கலைக்கழகத் தலைவரானவர் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ், யேல் சட்டக் கல்லூரியின் முன்னாள் தலைவர். செவ்வியல் நூல்களைப் படித்து விவாதிப்பதே கல்வியின் மையம் என்றவர். தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரோடும் இவருக்குத் தொடர்பு உண்டு. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நிறத்தைக் காரணம் காட்டி அவர் வளாகத்தில் பாடம் நடத்துவதை ஒரு புல முதல்வர் தடுக்கப் பார்த்தபோது, அந்தத் தடையை நீக்கியவர் ஹட்சின்ஸ்.

கல்லூரிப் பந்தாட்டத்தின் மேல் ஹட்சின்ஸுக்கு இருந்த புகார் ஆட்டத்தைப் பற்றியதல்ல, பணத்தைப் பற்றியது. 1938 டிசம்பரில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் அவர் எழுதிய கட்டுரை இதை வெளிப்படையாகச் சொன்னது. பல்கலைக்கழகங்கள் நுழைவுச்சீட்டு வசூலுக்காக ஆட்டக்காரர்களை வாங்குகின்றன. அந்த வசூலைக் காட்டியே மேலும் செலவு செய்கின்றன. இந்தச் சுழலை உடைக்க நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்ட் ஆக்கிவிடலாம் என்பது அவர் சொன்ன வழி. வேறு எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

1939 பருவம் விவாதத்தை முடித்துவைத்தது. முதல் ஆட்டத்தில் பெலாய்ட் என்ற சிறு கல்லூரியிடம் 0–6. பிறகு ஹார்வர்டிடம் 0–61, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 0–61, வர்ஜீனியாவிடம் 0–47. எல்லாவற்றுக்கும் மேல் மிச்சிகனிடம் 0–85. அன்றைய மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், சிகாகோவில் ஸ்டாக்கிடம் படித்து ஆடியவர். நவம்பர் 25 அன்று சொந்த மைதானத்தில் இல்லினாயிடம் 0–46 என்று தோற்றதே கடைசி ஆட்டம். பருவம் முழுவதிலும் வெற்றி இரண்டே. இரண்டும் வாபாஷ், ஓபர்லின் என்ற சிறு கல்லூரிகளுக்கு எதிராக.

டிசம்பர் 21 அன்று அறங்காவலர் குழு, கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்தை நிறுத்த முடிவெடுத்தது. விடுமுறைக்குப்பின் 1940 ஜனவரியில் மேண்டல் அரங்கில் மாணவர்களைக் கூட்டி ஹட்சின்ஸ் விளக்கம் சொன்னார். தோற்றதற்காக நிறுத்தவில்லை என்றார். வெல்ல வேண்டுமானால் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் பல்கலைக்கழகம் தன் வேலையைச் செய்ய முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தோம் என்பதே அவர் வாதத்தின் சாரம். பழைய மாணவர்கள் வருந்தினார்கள், கோபப்பட்டார்கள். மற்ற விளையாட்டுகள் தொடர்ந்தன. 1946இல் சிகாகோ பிக் டென்னிலிருந்தே விலகியது. காலியான இடத்துக்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வந்தது.

தோற்ற அணியின் பயிற்சியாளர் ஷானசி வேலை தேடி ஸ்டான்ஃபர்டுக்குப் போனார். அங்கே 'டி' வடிவ அணிவகுப்பை முழுவீச்சில் இறக்கி 1940 பருவத்தில் எல்லா ஆட்டங்களையும் வென்றார். சிகாகோவில் இருந்த காலத்திலேயே அவர் பேர்ஸ் அணிக்கு இந்த உத்தியில் ஆலோசகராக இருந்தவர். அந்த டிசம்பரில் தொழில்முறை இறுதி ஆட்டத்தில் பேர்ஸ் வாஷிங்டனை 73–0 என்று நொறுக்கியது. நவீன ஆட்டத்தின் பெரும் திருப்பங்களில் ஒன்றைச் செதுக்கியவர், அதற்கு முந்தைய ஆண்டு 0–85 தோல்வியைப் பார்த்து நின்றவர்.

மாடத்துக்கு அடியில் அணு உலை

1942இல் சிகாகோவில் 'உலோகவியல் ஆய்வகம்' என்ற மறைபெயரில் அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதி இயங்கியது. தலைவர் ஆர்தர் காம்ப்டன். யுரேனியத்தில் தானாகத் தொடரும் அணுப்பிளவு வினை சாத்தியமா என்று பார்க்க இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு ஓர் உலை கட்ட வேண்டியிருந்தது. நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத் திட்டம். அங்கே கட்டுமானத் தொழிலாளர் தகராறில் வேலை தாமதமானதும், பூட்டிக் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் மேற்கு மாடத்து அடிக்கூடத்திலேயே கட்டிவிடலாம் என்றார் ஃபெர்மி. மக்கள் நெருக்கமாக வாழும் நகரின் நடுவே இந்தச் சோதனை. காம்ப்டன் சம்மதித்தார், ஹட்சின்ஸிடம் கேட்கவில்லை. சட்டம் படித்தவரிடம் கேட்டால் 'முடியாது' என்றுதான் சொல்வார் என்பது பிற்பாடு காம்ப்டன் கொடுத்த காரணம்.

உலை என்றாலும் அது ஓர் அடுக்குத்தான். கிராஃபைட் கட்டிகளை 57 அடுக்குகளாக, மரச் சட்டத்தின் தாங்கலில், கைகளாலேயே அடுக்கினார்கள். கட்டிகள் சுமார் 45,000; இடையிடையே யுரேனியத் துண்டுகள். விஞ்ஞானிகளோடு அக்கம்பக்கத்து இளைஞர்களையும் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். கிராஃபைட் தூள் படிந்து தரை வழுக்கியது; வேலை முடிந்து வெளியே வருபவர்கள் முகம் கன்னங்கரேல் என்றிருந்தது. கூடத்தில் கணப்பு கிடையாது. குளிரில் நடுங்கிய காவலர்களுக்கு மாடத்தின் பழைய லாக்கர்களில் கிடந்த ரக்கூன் தோல் கோட்டுகள் கிடைத்தன. பந்தாட்ட நாள்களில் கல்லூரி இளைஞர்கள் பெருமையாக அணிந்த கோட்டுகள் அவை. நாட்டின் மிகப் பெரிய ரகசியத்தைக் காத்தவர்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

டிசம்பர் 2 காலையில் சோதனை தொடங்கியது. காட்மியம் பூசிய தண்டுகள் நியூட்ரான்களை விழுங்கி வினையை அடக்கி வைத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். கடைசித் தண்டை அங்குலம் அங்குலமாக இழுக்க ஜார்ஜ் வைல் நின்றார். விபரீதம் நடந்தால் கயிற்றை வெட்டி அவசரத் தண்டை விழச்செய்யக் கையில் கோடரியோடு ஒருவர், உலைமேல் காட்மியக் கரைசலைக் கொட்டத் தயாராக மூவர். பதினொன்றரை மணியளவில் பாதுகாப்புத் தண்டு தானாக விழுந்து எல்லாரையும் திடுக்கிட வைத்தது. ஃபெர்மி அமைதியாகச் சாப்பிடப் போகலாம் என்றார். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் அளவிகளின் முள் ஏறிக்கொண்டே போனது, இறங்கவில்லை. வினை தன்னைத்தானே தொடர்ந்துகொண்டிருந்தது. வெளிப்பட்ட ஆற்றல் அரை வாட், ஒரு சிறு விளக்குக்குக்கூடப் போதாது. ஆனால் அணுகுண்டுக்கும் அணுமின் நிலையத்துக்கும் வழி அங்கேதான் திறந்தது. கூடியிருந்த சுமார் 50 பேரில் ஒரே பெண் லியோனா வுட்ஸ். யூஜின் விக்னர் கொண்டுவந்திருந்த இத்தாலிய ஒயினைக் காகிதக் குவளைகளில் ஊற்றிக் குடித்தார்கள். 1943இல் உலையைப் பிரித்து ஆர்கான் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இடிப்பும் நினைவுச் சின்னமும்

போருக்குப்பின் மேற்கு மாடத்துச் சுவரில் நிகழ்வைச் சொல்லும் உலோகப் பலகை பதிக்கப்பட்டது. மாடத்தையே 1957இல் இடித்துவிட்டார்கள். உலை இருந்த கூடமும் அதோடு போயிற்று. 1965இல் அரசு அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது காட்டுவதற்குக் கட்டடம் எதுவும் மிச்சமில்லை. 1967 டிசம்பர் 2 அன்று, 25ஆம் ஆண்டு நிறைவில், ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூரின் 'அணு ஆற்றல்' என்ற வெண்கலச் சிற்பம் அங்கே திறக்கப்பட்டது. ஒரு பக்கம் பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கம் காளான் மேகம்.

மைதானத்தின் மிச்ச நிலத்தில் ரீகன்ஸ்டைன் நூலகம் எழும்பி 1970இல் திறந்தது. அதன் பக்கத்தில் 2011இல் மன்சுவெட்டோ நூலகம் வந்தது. தரைக்கு மேலே கண்ணாடிக் கூரை, கீழே 35 லட்சம் நூல்களை இயந்திரக் கைகள் எடுத்துத் தரும் கிடங்கு. 55ஆம் தெருப் பக்கம் கட்டிய சிறிய மைதானத்துக்கு ஸ்டாக்கின் பெயரை மறுபடி வைத்தார்கள்.

மீண்டும் ஆட்டம்

ஹட்சின்ஸ் 1951இல் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். 1963இல் விளையாட்டுத் துறைத் தலைவர் வால்ட்டர் ஹாஸ் ஒரு பயிற்சி வகுப்பாகக் கால்பந்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பழைய நோய் திரும்புகிறது என்று மாணவர்களே மைதானத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1969இல் அது முறையான பல்கலைக்கழக அணியானது. பின்னர் சேர்ந்தது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் ஆடுவதற்காக உதவித்தொகை கொடுக்க முடியாது. அதன் இறுதி ஆட்டத்துக்கு 1973 முதல் பெயர் 'ஸ்டாக் பௌல்'. பெர்வாங்கரின் கோப்பை இப்போது வளாகத்தின் ராட்னர் விளையாட்டு மையத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

மதிப்பீடு

சிகாகோ எடுத்த முடிவை வீரம் என்றவர்களும் உண்டு, தோல்விக்குப் போட்ட தத்துவ முலாம் என்றவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அணி வென்றுகொண்டிருந்தால் அறங்காவலர்கள் அவ்வளவு எளிதில் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தோற்ற பல்கலைக்கழகங்கள் எத்தனையோ. அவை பயிற்சியாளரை மாற்றின, ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தன, கூடுதலாகச் செலவு செய்தன. பந்தாட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் விளம்பரமாக்கலாம் என்று தொடக்கத்திலேயே கணக்குப் போட்ட இடமே, அதன் விலையையும் முதலில் கூட்டிப் பார்த்தது.

மற்றவர்கள் போன வழி வேறு. 2022இல் பிக் டென் செய்துகொண்ட ஏழாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஹட்சின்ஸ் மறைமுகமாக நடக்கிறது என்று கண்டித்தது இன்று விதிப்படியே நடக்கிறது. கூட்டமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை 18 ஆகிவிட்டது. அதிலிருந்து விலகித் திரும்பாமல் போன பல்கலைக்கழகம் இன்றுவரை சிகாகோ ஒன்றுதான்.